எலும்பைத் தின்னும் செல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு எலும்புப்புரை என்று சொல்லிவிட்டார்கள். தேடிப் படித்தேன். ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல் எலும்பைத் தின்கிறதாம். அதற்குள் கால்சியம் கூடினால் தின்பதற்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றனவாம். அப்படியென்றால் அம்மா சாப்பிடும் கால்சியம் மாத்திரை அந்த எதிரிக்குத்தானே தீனி? அந்தச் செல்லையே ஒழித்துவிட்டால் என்ன? இதையெல்லாம் தமிழில் ஏன் யாரும் எழுதுவதில்லை?

ம.

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்வியை விடுங்கள். எழுதுகிறார்கள், நாம்தான் படிப்பதில்லை.

மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கடிதத்தின் வேகம் எனக்குப் பயமாக இருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் இருக்கும்படி உடல் பார்த்துக்கொள்கிறது. செல்லுக்குள் கட்டற்று அலையும் கால்சியமோ வெளியே அப்படி அலைவதில் சுமார் 10,000-இல் ஒரு பங்குதான். நீங்கள் படித்த சமிக்ஞை அந்தத் துளிக்குள் நடப்பது. மாத்திரை நேராக அங்கே போய் விழுவதில்லை.

அப்புறம், எதிரி என்ற சொல்லை எங்கே பிடித்தீர்கள்? பழைய எலும்பை இந்தச் செல் அரித்து எடுத்தால்தான் புதியது கட்டப்படும். இந்தச் செல் வேலை செய்யாத உடம்பின் எலும்பை 1904-இல் ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் எக்ஸ்ரேயில் பார்த்து விவரித்தார். பளிங்கு எலும்பு நோய் என்று அதற்குப் பெயர். எலும்பு அடர்த்தியாக இருக்கும், ஆனால் சுலபமாக முறியும். கடுமையான வகையில் மஜ்ஜைக்கே இடம் இருக்காது. ஒழித்துவிடலாம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள்!

நான் சொல்ல வந்தது வேறு. 'கால்சியம் கூடினால்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 'கூடினால்' என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

எழுத வருவதற்கு முன் மூன்று வருடம் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். ஆஸ்டியோகிளாஸ்டாக மாறப்போகும் இளம் செல்களுக்கு அப்படி மாறத் தூண்டும் ராங்க்எல் என்ற புரதத்தைக் கொடுத்து, ஒரு நாள் கழித்து, கால்சியத்தைக் காட்டும் சாயத்தை ஏற்றிப் பார்ப்பது என் வேலை. தட்டிலிருந்த அத்தனை செல்களின் ஒளியையும் கூட்டி, வகுத்து, ஒரு கோடு போட்டேன். தட்டையாக வந்தது. 'ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதிப் பேராசிரியரிடம் நீட்டினேன். அவர் தாளை வாங்கவே இல்லை. இருட்டறைக்குக் கூட்டிப்போய், "ஒரே ஒரு செல்லைப் பார். பத்து நிமிஷம் கண்ணை எடுக்காதே" என்றார்.

பார்த்தேன். ஒளி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பக்கத்துச் செல் வேறொரு கணக்கில் துடித்தது. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கியது. அத்தனை துடிப்பையும் நான்தான் கூட்டி வகுத்து அழித்திருக்கிறேன். அன்று சாப்பிடப் போகவில்லை.

ஒவ்வொரு துடிப்பிலும் கால்சினியூரின் என்ற நொதி விழித்து, என்எஃப்ஏடிசி1 என்ற புரதத்தின் மேலிருக்கும் பாஸ்பேட்டுகளைக் கழற்றுகிறது. உடனே அது உட்கருவுக்குள் போய்விடும். கால்சியம் இறங்கியே கிடந்தால் பாஸ்பேட் மறுபடி ஏறி வெளியே வந்துவிடும். அதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் உள்ளேயே தங்கும். தங்கினால் முதலில் தன் மரபணுவையே முடுக்கித் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது, பிறகு எலும்புப் புரதத்தை அறுக்கும் கேத்தப்சின் கே போன்றவற்றின் மரபணுக்களை. இதன் அடிப்படையை டோக்கியோவில் தகயனாகி குழுவினர் 2002-இல் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1998-இல், ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் லூயிஸ் குழுவினர் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களில் இன்னொன்றைக் கண்டிருந்தார்கள்: துடிப்பு நெருக்கமாக வந்தால் பல மரபணு சுவிட்சுகள் விழிக்கின்றன, நீண்ட இடைவெளி விட்டு வந்தால் அவற்றில் ஒன்று மட்டும். ராத்திரி கதவு ஒருமுறை டமாரென்று அடித்தால் காற்று என்று புரண்டு படுப்போம். விட்டுவிட்டுத் தட்டினால்தான் எழுந்து போவோம். எவ்வளவு என்பதோடு, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் விட்டு என்பதையும் செல் கேட்கிறது. நீங்கள் முதலாவதை மட்டும் கேட்டீர்கள், நான் அன்று கேட்டதைப் போலவே.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ராங்க்எல்லையே மறிக்கும் டெனோசுமாப் என்ற ஊசி 2010 முதல் இருக்கிறது. வேறு மருந்து தொடராமல் பாதியில் விட்டவர்களில் சிலருக்குச் செல்கள் முன்னைவிட வேகமாகத் திரும்பி வந்து முதுகெலும்பு முறிந்திருக்கிறது. எதைத் தொடங்குவதானாலும் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

அடுத்த கடிதத்தில் அம்மா எப்படி நடக்கிறார், எங்கே வலிக்கிறது என்கிறார் என்று எழுதுங்கள். இந்தக் கடிதத்தில் அவரைப் பற்றி ஒன்றுமே இல்லை.