மின்துளையிடலுக்கு நுண்பாய்மச் சிப் எதற்கு?

மின்துடிப்பால் செல் சவ்வில் துளை திறந்து உள்ளே டிஎன்ஏவைச் செலுத்துவதுதான் மின்துளையிடல். அதற்குச் சாதாரணக் குவெட்டும் (மின்வாய்கள் பொருத்திய சிறு குப்பி) மின்துடிப்பும் போதுமே, நுண்கால்வாய்களில் திரவம் ஓடும் சிப் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வோல்ட் கணக்கைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

செல் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். அதன் குறுக்கே ஒரு வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் ஏறினாலே நுண்துளைகள் திறக்கும். சிறிய மூலக்கூறுகள் அவற்றின் வழியே தாமாகவே நுழைந்துவிடும். டிஎன்ஏ அப்படியல்ல. எதிர்மின்சுமை கொண்ட அதை மின்புலம் சவ்வின் மேல் கொண்டுபோய் ஒட்டவைக்கும். உள்ளே போவது அப்புறம்தான்.

சென்டிமீட்டருக்கு 1,000 வோல்ட் புலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மின்வாய்களுக்கு இடையே 4 மில்லிமீட்டர் உள்ள குவெட்டில் 400 வோல்ட் கொடுக்க வேண்டும். சிப்பில் இடைவெளி 100 மைக்ரோமீட்டர் என்றால் வெறும் 10 வோல்ட். சூடும் குறைவு.

ஆனால் என்னைக் கேட்டால், உண்மையான லாபம் சீர்மைதான். சவ்வில் ஏறும் மின்னழுத்தம் செல்லின் ஆரத்தைப் பொறுத்தது. குவெட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே அடி. பெரிய செல்கள் செத்துப்போகும், சிறியவை திறக்கவே திறக்காது. சிப்பில் கால்வாயை ஓரிடத்தில் குறுக்கினால் புலம் அங்கே குவியும். செல்கள் ஒவ்வொன்றாக அதைக் கடக்கும். அங்கே எவ்வளவு நேரம் இருக்கின்றன என்பதை ஓட்ட வேகமே தீர்மானிக்கும்.

தொல்லையும் உண்டு: அந்தக் குறுகலில்தான் செல்கள் அடைத்துக்கொள்ளும், மின்வாயில் குமிழி வந்தால் புலமே குலைந்துவிடும்.