நாலு டயரையும் குனிந்து பாருங்கள்

கேள்வி: 2,40,000 கி.மீ. ஓடிய, நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வேகன் கார் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். அப்புறம் குனிந்து நாலு டயரையும் பாருங்கள். மூன்று தேய்ந்து, ஒன்று மட்டும் புதுசாக இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். சுற்றளவு மாறினால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழலும்; நேர்ச்சாலையில்கூட முன், பின் சக்கரங்களின் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் நடு டிஃபரென்ஷியல் ஓய்வில்லாமல் உழைத்துச் சூடேறும். காய்ந்த தார்த்தரையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக வட்டமடியுங்கள். வண்டி இழுத்துப் பிடித்துத் துள்ளினால் விட்டுவிடுங்கள், அதைச் சரிசெய்யும் செலவு உங்களுக்கு வேண்டாம். ஜப்பானிய சுபாரு காரின் பழைய 2.5 லிட்டர் எஞ்சின் என்றால், ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) கசிகிறதா, டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பட்டை) எப்போது மாற்றினார்கள் என்று தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.