மடியில் வைத்த மணிக்கட்டு

வணக்கம்.

அப்பாவுக்கு 67 வயது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுக்கிறார். வீட்டிலேயே அளந்து பார்க்கலாம் என்று ஒரு பிபி மெஷின் வாங்க நினைத்து, மருத்துவர்கள் பதில் சொல்லும் ஓரிடத்தில் இணையத்தில் கேட்டேன். மணிக்கட்டில் கட்டுவது நல்லதா, கையில் கட்டுவது நல்லதா? இவ்வளவுதான் கேள்வி. ஒரு மருத்துவர், "மெஷினை வாங்கி வெச்சுக்கிட்டு நாளைக்குப் பத்து தடவை பார்த்துப் பயந்துக்கப் போறீங்களா? அதுக்குத்தானே டாக்டர் இருக்கார்?" என்றார். இன்னொருவர், "எல்லா பிராண்டும் ஒண்ணுதான், எதையாவது வாங்குங்க" என்றார். மேற்கொண்டு கேட்கக் கூச்சமாகிவிட்டது. நட்சத்திரம் அதிகம் வாங்கியிருந்த மணிக்கட்டு மெஷின் ஒன்றை வாங்கினேன். அப்பா சோபாவில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து மூன்று முறை பார்த்தார். 164/98, 157/94, 152/90. எது சரி? அவருடைய மருத்துவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவரும் அப்படியே கேட்டுவிடுவாரோ என்று பயம். என் கேள்வியே தப்பா? டாக்டர்கள் பேசும் விதத்தை நான் பெரிதுபடுத்துகிறேனா?

ம.

*

அன்புள்ள ம.,

கேள்வி தப்பில்லை. பாதிக் கேள்வி, அவ்வளவுதான். செருப்பு வாங்கப் போகிறவர் அளவைச் சொல்ல மறந்தால் கடைக்காரர் "எத்தனாம் நம்பர்?" என்று கேட்டுக்கொள்வார். மருத்துவப் பொருள் எதைப் பற்றிக் கேட்டாலும் நோயாளியோ அவர் வீட்டாரோ பாதிக் கேள்வியோடுதான் வருவார்கள். எந்த விவரம் முக்கியம் என்று தெரிந்திருந்தால் அவர்கள் கேட்கவே வேண்டியதில்லையே. மீதிப் பாதியைக் கேட்டு வாங்குவது பதில் சொல்பவர் வேலை. உங்களுக்குப் பதில் சொன்ன இருவரில் ஒருவரும் அப்பாவின் கைச் சுற்றளவு எவ்வளவு என்று கேட்கவில்லை. மனம் புண்பட்டதைவிட எனக்குப் பெரிதாகப் படும் நஷ்டம் அதுதான்.

அந்த ஒரு எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கையைத் தொங்கவிட்டு, தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை எலும்பின் நுனிக்கும் நடுப்புள்ளியில், சட்டைக்கு மேல் இல்லாமல் தோல்மேலேயே, தையல் டேப்பை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். மேல்கையில் கட்டும் கருவியோடு வரும் பட்டையில் அது எந்தச் சுற்றளவுக்கு உரியது என்று அச்சிட்டிருப்பார்கள், 22–32 செ.மீ. அல்லது 22–42 செ.மீ. என்பவை அடிக்கடி கண்ணில் படுபவை. பட்டைக்குள் காற்று நிறையும் பை கையின் சுற்றளவில் சுமார் 80 சதவீதத்தைச் சுற்றி வரவேண்டும். சிறிய பட்டையைப் பருத்த கையில் கட்டினால் அழுத்தம் ரத்தக்குழாய் வரை சரியாகப் போய்ச் சேராது. குழாயை நசுக்க மெஷின் கூடுதலாகக் காற்றடிக்கும், அந்தக் கூடுதல் உங்கள் அளவோடு சேர்ந்துவிடும். 2023இல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் வந்த ஆய்வொன்றில், பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் எண் சராசரியாக 4.8 மி.மீ. (பிபியை அளக்கும் பாதரச அலகு) கூடியது. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கோ 19.5 மி.மீ. கூடியது. இல்லாத ரத்தக் கொதிப்புக்கு மாத்திரையைக் கூட்டிவிட இது தாராளமாகப் போதும்.

இனி உங்கள் மூன்று எண்கள். மணிக்கட்டு மெஷின் இதயத்தின் உயரத்தில் இருந்தால்தான் அளவு சரியாக வரும். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு செ.மீ.க்கும் ரத்தத்தின் சொந்த எடையே சுமார் 0.75 மி.மீ. கூட்டிக் காட்டும். மடியில் கிடக்கும் மணிக்கட்டு இதயத்துக்கு 20 செ.மீ. கீழே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 15 மி.மீ. அப்பாவுடையதே அல்ல, மடியுடையது. எண் படிப்படியாக இறங்கியதும் சகஜம்தான். முதல் அளவு பெரும்பாலும் அதிகமாகவே வரும். நடுவில் ஒரு நிமிட இடைவெளி விட்டீர்களா, அவர் பேசிக்கொண்டிருந்தாரா, கால்மேல் கால் போட்டிருந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. பேச்சு மட்டுமே 10 மி.மீ. வரை ஏற்றிவிடும். ஆகவே 'எது சரி' என்றால், மூன்றையும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதே என் பதில். மெஷின் கெட்டது என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது.

"எல்லா பிராண்டும் ஒண்ணுதான்" என்றவரின் தொனியில் குறையொன்றும் இல்லை, நட்பாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் சொன்னது தவறு. துல்லியத்தைச் சோதிப்பது பிராண்டுக்கு அல்ல, மாடலுக்கு. ஐஎஸ்ஓ 81060-2 என்ற தரநிலையின்படி குறைந்தது 85 பேரிடம் அளந்து, நிபுணர்கள் அளந்ததற்கும் மெஷின் காட்டியதற்கும் உள்ள வேறுபாடு சராசரியாக 5 மி.மீ.க்குள்ளும் அதன் சிதறல் 8 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் ஒரு மாடல் இதில் தேறியிருக்கும், பக்கத்து மாடல் சோதனைக்கே போயிருக்காது. தேறியவற்றை மாடல் எண்ணோடு வெளியிடும் பட்டியல்கள் இருக்கின்றன. 'ஸ்ட்ரைட் பிபி' அவற்றில் ஒன்று. பெட்டியில் இருக்கும் எண்ணும் பட்டியலில் இருக்கும் எண்ணும் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். நீங்கள் நம்பிய நட்சத்திரங்கள் இதைச் சொல்லாது. வாங்கியவருக்குப் பெட்டி சேதமில்லாமல் வந்ததா, எழுத்து பெரிதாகத் தெரிகிறதா என்பது தெரியும். தன் ரத்த அழுத்தம் உண்மையில் எவ்வளவு என்பது தெரியாமல்தானே மெஷினையே வாங்குகிறார்?

தொனிக்கு வருகிறேன். முதல் மருத்துவர் சொன்னதிலிருந்து 'போறீங்களா'வில் உள்ள ஆவையும் 'அதுக்குத்தானே'யில் உள்ள ஏயையும் கழற்றிவிட்டுப் படித்துப் பாருங்கள். "சிலர் நாளைக்குப் பத்து தடவை பார்த்துப் பயந்துக்கறாங்க. அளவை உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க." செய்தி அதேதான், நல்ல செய்தியும்கூட. ஓயாமல் அளந்து, பதற்றத்தில் எண் ஏறி, ஏறிய எண்ணைப் பார்த்து மேலும் பதறுகிறவர்கள் இருக்கிறார்கள்; மெஷினைப் பார்த்து மாத்திரையைத் தானே கூட்டிக் குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சலித்தவர் பேசியிருக்கிறார், பாவம் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். தமிழில் குத்தல் பெரும்பாலும் சொல்லின் கடைசி எழுத்தில்தான் உட்கார்ந்திருக்கும். நேரில் என்றால் ஒரு சிரிப்பு அதை மழுங்கடித்துவிடும், எழுத்தில் அந்தச் சிரிப்பு வந்து சேராது.

நேரிலும் தொனி சின்ன விஷயமில்லை. உளவியலாளர் நளினி அம்பாடி குழுவினர் 2002இல் அறுவை மருத்துவர்களின் பேச்சிலிருந்து 10 விநாடித் துண்டுகளை எடுத்து, சொற்கள் புரியாதபடி வடிகட்டி, குரலை மட்டும் கேட்கவைத்து மதிப்பிடச் சொன்னார்கள். அதிகாரம் தூக்கலாகவும் அக்கறை குறைவாகவும் ஒலித்த குரல்கள், முன்பு நோயாளிகளின் வழக்கைச் சந்தித்தவர்களோடு பொருந்தின. அதற்கும் முன்பே, 1983இல் மருத்துவ ஆய்வாளர் ஜியுசெப்பே மான்சியா குழுவினர் இத்தாலியில் நோயாளிகளின் ரத்தக்குழாயிலேயே நேரடியாக அழுத்தத்தைப் பதிவு செய்து பார்த்தார்கள். மருத்துவர் பிபி பார்க்க அருகில் வந்ததுமே மேல் எண் சராசரியாக 27 மி.மீ., கீழ் எண் 15 மி.மீ. ஏறியது. திட்டவெல்லாம் இல்லை, வந்து நின்றதற்கே இவ்வளவு. வீட்டில் அளப்பது எதற்கு என்ற கேள்விக்கு இதுவே பாதிப் பதில்.

எழுத்தில் பதில் சொல்வதைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 2023இல், பொதுவெளியில் கேட்கப்பட்ட 195 மருத்துவக் கேள்விகளுக்கு மருத்துவர்கள் எழுதிய பதில்களையும் ஒரு செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில்களையும் பெயர் மறைத்துச் சுகாதாரப் பணியாளர்களிடம் கொடுத்தார்கள். பரிவானவை என்று தேறியவை மருத்துவர்கள் பக்கம் 4.6 சதவீதம், இயந்திரத்தின் பக்கம் 45.1 சதவீதம். இதைக் காட்டி மருத்துவர்களை மட்டம் தட்டுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: மருத்துவரின் பதில் சராசரி 52 சொற்கள், இயந்திரத்தின் பதில் 211. இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் கட்டை விரலால் தட்டிய பதிலில் பரிவுக்கு எங்கே இடம்?

இடமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இதைப் படிக்கும் மருத்துவர்களுக்காக ஒரு பதிலை எழுதிப் பார்க்கிறேன்: "மேல்கையில் கட்டுவதே நல்லது. அப்பாவின் கைச் சுற்றளவு எத்தனை செ.மீ.? இதயத் துடிப்பு சீராக இல்லை என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? காலையும் மாலையும் மட்டும் பாருங்கள். மாத்திரையை நீங்களாக மாற்றாமல், எழுதி வைத்து உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்." இதில் பிராண்டுக்கு விளம்பரமும் இல்லை, முகம் தெரியாதவருக்கு மருந்து எழுதியதும் இல்லை. பார்க்காத நோயாளிக்கு ஆலோசனை சொல்லத் தயங்குவது நியாயமான தயக்கம்தான். அப்படித் தயங்குகிறவர் "இதை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது, ஏனென்றால்..." என்று காரணத்தையும் எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

விரட்டப்பட்டவர் எங்கே போகிறார் என்பதையும் பாருங்கள். விற்பவரின் பக்கத்தில் ஒருநாளும் யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள். "உங்கள் குடும்பத்தின் நலனில் அக்கறை" என்றே ஆரம்பிப்பார்கள். இனிமையாகப் பேசுகிறவர் சரியாகவும் சொல்வார் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. ஒரு மருத்துவரே தேனொழுகப் பேசி, காரணம் சொல்லாமல் குறிப்பிட்ட மாடலின் பெயரை மட்டும் மூன்று முறை சொன்னால், கடுகடுப்பவரைவிட அவரிடம் அதிக எச்சரிக்கை வேண்டும். எனவே நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் தொனியை வைத்துச் சொன்னதை எடைபோடாதீர்கள்.

அடுத்த முறை கேட்கும்போது வயது, கைச் சுற்றளவு, துடிப்புக் கோளாறோ சிறுநீரக நோயோ உண்டா, கர்ப்பமா, மெஷினை யார் இயக்குவார்கள் என்பதை இரண்டு வரியில் எழுதிவிட்டு, 'எது நல்லது' என்பதற்குப் பதில் 'எதைப் பார்த்து வாங்க வேண்டும்' என்று கேளுங்கள். துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எல்லா மெஷினும் ஒத்துவராது. மருந்துச் சீட்டைப் படம்பிடித்துப் போட்டால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துவிடுங்கள். கடுப்பான பதில் வந்தால் சண்டை வேண்டாம், "சரி, மருத்துவரிடம் காட்டுகிறேன். மணிக்கட்டா, மேல்கையா என்பதை மட்டும் சொல்லுங்கள்" என்று ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். பலர் இறங்கி வருவார்கள். வராவிட்டால் தினமும் பட்டை கட்டி அளக்கும் செவிலியரிடம் கேட்கலாம், அவர்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம்.

வாங்கிய மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கொண்டுபோய், அங்கிருக்கும் கருவியிலும் இதிலும் மாற்றி மாற்றி அளக்கச் சொல்லுங்கள். வேறுபாடு 5 மி.மீ.க்குள் என்றால் பயன்படுத்தலாம். 10ஐத் தாண்டினால் மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்டது என்றால் இன்னொரு முறை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதுவரை முழங்கையை மேசையில் ஊன்றி, அடியில் தலையணை கொடுத்து, மணிக்கட்டை நெஞ்சின் நடுவுக்கு நேராக வைத்துப் பாருங்கள். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் காபி, புகை, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் இருக்கட்டும். காலை மாத்திரைக்கு முன் இரண்டு அளவு, மாலையில் இரண்டு, நடுவில் ஒரு நிமிடம். 7 நாள் எழுதி, முதல் நாளைத் தள்ளிவிட்டு, மீதி 24 அளவுகளுக்குச் சராசரி போடுங்கள். வீட்டு அளவில் 135/85 என்பதுதான் வழக்கமான எல்லைக்கோடு. 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் சராசரியெல்லாம் பார்க்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

அந்த 164/98ஐ மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அதே தாளில் முதல் வரியாக எழுதி, பக்கத்திலேயே 'மணிக்கட்டு மெஷின், கை மடியில்' என்று குறித்துக் கொடுங்கள்.