டயரின் பக்கவாட்டில் புடைப்பு: இன்னும் ஓட்டலாமா?

வாசகர் கேள்வி: நீடாமங்கலத்திலிருந்து வலங்கைமான் வழியாகக் கும்பகோணத்துக்கு வேலைக்காக தினமும் காரில் போய்வருகிறேன். போன வாரம் மழையில் தண்ணீர் நின்ற ஒரு பள்ளத்தில் முன்பக்க இடது சக்கரம் பலமாக இறங்கிவிட்டது. மறுநாள் பார்த்தால் அந்த டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. காற்று இறங்கவில்லை. ஒரு டயர் கடைக்காரர் "உள்ளே டியூப் போட்டு ஓட்டுங்க சார், ஐயாயிரம் கிலோமீட்டர் தாங்கும்" என்கிறார். இன்னொருவர் உடனே மாற்றச் சொல்கிறார். வண்டி லேசாக இடதுபக்கம் இழுக்கவும் செய்கிறது. டயர் போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது, அளவு 185/65 ஆர்15, அலாய் வீல். இன்ஷூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா? இனிமேல் இப்படி ஆகாமல் இருக்க பெரிய டயர் போடலாமா?

மாற்றச் சொன்னவர் சொல்வதுதான் சரி. இதைப் படித்து முடித்ததும் ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள், புடைத்த டயரோடு கும்பகோணம் வரை ஒரு தடவைகூடப் போக வேண்டாம். டியூப் போடும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டயரின் பக்கவாட்டில் பலம் ரப்பரில் இல்லை. சாலையில் படுகிற பட்டன் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கும், பக்கவாட்டில் அதெல்லாம் கிடையாது. அங்கே ரிம்மின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நெருக்கமாக ஓடும் மெல்லிய நூல்கள்தான், பெரும்பாலும் பாலியஸ்டர், காற்றின் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. சக்கரம் பள்ளத்தின் எதிர் விளிம்பில் மோதும்போது டயர் நசுங்கி, தார் விளிம்பு ஒரு பக்கமும் ரிம் விளிம்பு இன்னொரு பக்கமுமாக நடுவில் அந்த நூல்கள் கடிபட்டு அறுந்துபோகின்றன. ரப்பர் நீளும் தன்மை உள்ளது என்பதால் கிழிவதில்லை, காற்றும் இறங்குவதில்லை, நூல் அறுந்த இடத்தில் மட்டும் உள்ளிருக்கும் காற்று வெளியே தள்ளுகிறது. டயரில் வைக்கும் காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ என்பது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 2.3 கிலோ. அதை இப்போது அந்த இடத்தில் வெறும் ரப்பர் மட்டும் தாங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் சுழலும், ஒவ்வொரு சுழற்சியிலும் அந்த இடம் ஒருமுறை மடங்கி நிமிரும், சூடாகும். எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று எந்தக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. முன்சக்கரம் எண்பது கி.மீ. வேகத்தில் வெடித்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்து நிறுத்த நம் சாலைகளில் இடம் ஏது, ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் எதிரே வரும் பஸ்.

டியூப் போடுவதால் அறுந்த நூல் ஒட்டிக்கொள்ளாது. டியூப்லெஸ் டயருக்குள் டியூப் உரசி இன்னும் சூடேறும், அதோடு பங்க்சர் ஆனால் டியூப்லெஸ்ஸில் காற்று மெதுவாக இறங்குவது போய், டியூப் கிழிந்து ஒரேயடியாக இறங்கிவிடும். வல்கனைசிங் (சூடேற்றி ரப்பரை ஒட்டுவது), உள்ளே பேட்ச் ஒட்டுவது எல்லாமே இந்தப் புடைப்புக்கு உதவாது. புடைத்த டயரைப் பத்திரமாக ஸ்டெப்னி இடத்தில் வைத்துக்கொள்பவர்களும் உண்டு, அவசரத்தில் மாட்டுகிற டயரே வெடிக்கக்கூடியதாக இருந்தால் அதை வைத்திருந்து என்ன பயன்?

ஒன்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் உள்நோக்கிக் குழிந்த மாதிரி மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய தடம் தெரிந்தால் அது நூல் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சேரும் இடம், பயப்பட வேண்டாம். வெளியே தள்ளியிருந்தால்தான் ஆபத்து. நீங்கள் எழுதியிருப்பது வெளியே தள்ளியது.

இனி, வண்டி இடதுபக்கம் இழுக்கிறது என்ற விஷயம். புது டயர் போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். அவ்வளவு அடி வாங்கிய மூலையில் டயர் மட்டும் அடிபட்டிருக்கும் என்று நம்ப முடியாது. டயரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று ரிம்மின் உள்விளிம்பைப் பாருங்கள், அதாவது காருக்கு அடியில் இருக்கும் பக்கம். வெளியே பளபளவென்று இருக்கும் அலாய் வீல் உள்பக்கம் வளைந்திருப்பது அடிக்கடி நடக்கிறது. பேலன்சிங் மெஷினில் வெறும் ரிம்மைச் சுற்றவிட்டு விளிம்பு ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எஃகு ரிம் வளைந்தால் நிமிர்த்திவிடலாம். அலாயில் சிறு வளைவை அதற்கான மெஷின் வைத்திருப்பவர் நிமிர்த்துவார், ஆனால் விரிசல் விட்டிருந்தால் வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள், அந்த ரிம்மை மாற்றத்தான் வேண்டும்.

அப்புறம் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிபார்ப்பது. கடைகளில் "பண்ணியாச்சு சார்" என்று பில்லை நீட்டுவார்கள், நீங்கள் கேட்க வேண்டியது சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுத் தாளை. அதில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு), காஸ்டர் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சு முன்னே பின்னே சாய்ந்திருக்கும் அளவு) என்று மூன்று இருக்கும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் முன்சக்கரத்துக்குத் திருகிச் சரிசெய்ய முடிவது டோ மட்டும்தான். அதனால் இடது சக்கரத்தின் கேம்பர் வலது சக்கரத்திலிருந்து நன்றாக விலகி, நிறுவனம் சொன்ன எல்லையைத் தாண்டியிருந்தால், சக்கரத்தைத் தாங்கும் பாகங்களான லோயர் ஆர்மோ ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் டோவை மட்டும் சரிசெய்து அனுப்பினால் வண்டி நேராகப் போகிற மாதிரி இருக்கும், ஆனால் புது டயரின் ஒரு பக்க விளிம்பு சில மாதத்தில் மொட்டையாகிவிடும். ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் இணைப்புகளான டை ராடு எண்ட், பால் ஜாயிண்ட், லிங்க் ராடு இவற்றையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டும்போது வேகம் கூடக் கூட 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வந்தால் வீல் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

டயர் வாங்கும்போது: ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயர்களும் ஒரே மாதிரி இருப்பது நல்லது. வலது டயரில் பட்டன் பெரிதாகத் தேயவில்லை என்றால் அதே பிராண்டு, அதே மாடலில் ஒன்று மட்டும் வாங்கினால் போதும். பட்டன் ஆழத்தில் இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசம் வந்துவிட்டால் ஜோடியாகப் போடுங்கள், அந்தப் புது ஜோடியைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம்தானே வண்டியை இழுத்துப் போகிறது என்று கடையில் வாதாடுவார்கள், ஆனால் தண்ணீர் நிற்கும் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், சாதாரண ஓட்டுநரால் அதை மீட்பது கஷ்டம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஸ்டெப்னியிலும் அந்த எண்ணைப் பாருங்கள், வண்டி வாங்கிய நாளிலிருந்து தொடாமலே பழசாகியிருக்கும். ஸ்டெப்னி மற்றவற்றைவிட ஒல்லியான வகை என்றால் அதன்மேல் 80 கி.மீ. வேக எல்லை எழுதியிருக்கும், அதை மீற வேண்டாம்.

பெரிய டயர் பற்றிக் கேட்டீர்கள். ரிம்மைப் பெரிதாக்குவதா, டயரின் உயரத்தைக் கூட்டுவதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் 185/65 ஆர்15 டயரில் பக்கவாட்டின் உயரம் 185-ல் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. அழகுக்காக 16 அங்குல அலாய்க்கு மாறி 195/55 போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான், ஆனால் பக்கவாட்டு 107 மி.மீ.க்கு இறங்கிவிடும். பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் இருந்த மெத்தையை நாமே காசு கொடுத்துக் குறைத்துக்கொள்வது அது. நம் சாலைகளுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். 195/65 ஆர்15 போட்டால் பக்கவாட்டு 127 மி.மீ., மொத்த விட்டம் 2 சதவீதம் கூடும், ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். உங்கள் ரிம்மின் அகலத்துக்கு அது பொருந்துகிறதா, ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது எங்கும் உரசவில்லையா என்று பார்த்துச் செய்யலாம். பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து வரும் சுமை எண் பழையதைவிடக் குறையக் கூடாது, 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும்.

ஆனால் அளவை மாற்றுவதைவிட அதிகம் உதவுவது காற்று. மெத்து மெத்தென்று போகட்டும் என்று 33-க்கு பதில் 27, 28 வைத்து ஓட்டுகிறவர்களுக்குத்தான் இந்தப் புடைப்பு அதிகம் வருகிறது, ஏனென்றால் காற்று குறைந்த டயர் பள்ளத்தில் ரிம் வரைக்கும் எளிதாக நசுங்கிவிடும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் உங்கள் காருக்கான அளவு இருக்கும், வேளாங்கண்ணிக்கோ திருநள்ளாறுக்கோ குடும்பத்தோடு ஐந்து பேர் சாமானோடு போகும்போது முழுச் சுமைக்கு அதில் தனி அளவு போட்டிருந்தால் அதை வையுங்கள். வாரம் ஒருமுறை, காலையில், வண்டி எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயர் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். பங்க்கில் இருக்கும் மீட்டரை நம்பாமல் சொந்தமாகக் காற்றழுத்தம் பார்க்கும் ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்டாவில் சாலைகள் உடைகிற விதமும் தெரிந்திருந்தால் எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்பது தானாகப் பிடிபடும். நம் மண் களிமண் கலந்த வண்டல், நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சம்பா, தாளடி நிற்கும் மாதங்களில் சாலையின் இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர், ஒரு பக்கம் வாய்க்கால், அதோடு ஐப்பசி மழை. தார் மேல் விழும் விரிசலில் தண்ணீர் இறங்க, நெல் லோடு லாரியும் டிரெய்லரில் ஏற்றிய அறுவடை இயந்திரமும் மேலே போக, அடியில் இருக்கும் ஜல்லி பிதுங்கி வெளியே வந்துவிடுகிறது. சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புக் கேஜ் வீலைக் கழற்றாமலே தார்ச்சாலையில் போகும் டிராக்டர்கள் மேற்பரப்பைக் கொத்திவிடுகின்றன. ஆறுகளும் வாய்க்கால்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் மதகுப் பாலங்களும் நிறைய, பாலம் தொடங்கும் இடத்தில் மண் அமுங்கி ஒரு படி உருவாகிவிடும், ஏறும்போது சக்கரம் அந்தப் படியில் நேராக மோதும். அறுவடைக் காலத்தில் நெல் காயவைத்துவிட்டு எடுக்க மறந்த கற்களும் இரவில் கண்ணுக்குத் தெரியாது.

இதையெல்லாம்விட இடது டயர்களைக் கெடுப்பது சாலையின் ஓரம். ஒரு வண்டி போகிற அளவே, பன்னிரண்டு அடி அகலத்துக்குத் தார் போட்ட சாலையில் எதிரே பஸ் வந்தால் இடது சக்கரங்களை மண்ணில் இறக்குகிறோம், பிறகு அதே வேகத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பித் தார் மேல் ஏற்றுகிறோம். தார் விளிம்பு அரையடி உயரமாக நின்றால் பக்கவாட்டு அதில் அறுபடுகிறது. இறங்கினால் நன்றாக வேகத்தைக் குறைத்து, ஓரம் தாழ்வாக இருக்கும் இடம் வரும்வரை மண்ணிலேயே போய், அங்கே ஏறுங்கள்.

பள்ளம் வருவது தெரிந்தால் முன்கூட்டியே பிரேக் போட்டுவிட்டு, சக்கரம் அதில் இறங்குவதற்குச் சற்று முன் காலை எடுத்துவிடுங்கள். பிரேக் மிதித்தபடி இறங்கினால் வண்டியின் எடை முன்னால் சாய்ந்து ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அடி முழுவதும் டயருக்கும் ரிம்முக்கும் போகும். 60-லிருந்து 40-க்கு வந்தாலே மோதும் ஆற்றல் பாதிக்கும் கீழே வந்துவிடும். தண்ணீர் நிற்கும் பள்ளத்தின் ஆழம் யாருக்கும் தெரியாது, முன்னால் போகும் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் அளவுக்கு இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

இன்ஷூரன்ஸ்: வழக்கமான முழுப் பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் பணம் கிடையாது. அதே அடியில் வண்டியின் வேறு பாகமும் சேதமாகியிருந்தால் டயர் விலையில் அதிகபட்சம் 50 சதவீதம் தருவார்கள். அதனால்தான் ரிம்மையும் லோயர் ஆர்மையும் முதலில் பார்க்கச் சொன்னேன். எதையும் மாற்றுவதற்கு முன் நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்து அவர்கள் அனுப்பும் சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) பார்க்க வேண்டும். 1,500 சிசி வரையிலான காருக்கு முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்துதான் போகும், கிளெய்ம் வாங்கினால் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போகும். ஒரு டயருக்காக மட்டும் என்றால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது, சஸ்பென்ஷனும் சேர்ந்து செலவு வைத்தால் கேளுங்கள். டயருக்கென்று தனியாக ஆட்-ஆன் (கூடுதல் காப்பீடு) எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசியைப் புரட்டிப் பாருங்கள், இல்லையென்றால் அடுத்த புதுப்பித்தலில் விசாரியுங்கள். டயர் நிறுவனத்தின் சாதாரண வாரண்டி தயாரிப்புக் குறைக்குத்தான், பள்ளத்தில் அடிபட்டதை அவர்கள் ஏற்க மாட்டார்கள்.

அந்தப் பள்ளத்தைப் பற்றியும் தயவுசெய்து புகார் கொடுங்கள், அதில் நாளைக்கு விழப்போவது ஒரு பைக்காக இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, 1033-க்கு அழையுங்கள். பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, அதற்கும் மாவட்டச் சாலைகளுக்கும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு பதிவு செய்யலாம். ஊராட்சிச் சாலை என்றால் ஒன்றிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். படம் எடுக்கும்போது கிலோமீட்டர் கல்லோ மதகோ அதில் தெரியட்டும், தேடி வருபவருக்கு இடம் உடனே புரியும்.