ஓடிப்போகும் டைம்பீஸ்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பழைய டைம்பீஸ் ஒன்றைப் பற்றி எழுதியதிலிருந்து, காலையில் எழும்ப முடியாதவர்களின் கடிதங்களாகவே வருகின்றன. கடிகாரம் பழுது பார்ப்பது என் தொழில். கடையில் இந்தப் பேச்சு எப்போதும் உண்டு என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

என் மகனுக்கு 17 வயது. மெட்ரிக் பரீட்சைக்குப் படிக்கிறான். போன் அலாரத்தை அவனே நிறுத்திவிட்டுத் தூங்கிவிடுகிறான். கேட்டால் அடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறான். அவன் அப்பா தினமும் சோம்பேறி என்று திட்டுகிறார். சக்கரம் வைத்து ஓடிப்போகும் அலாரம் ஒன்று இருக்கிறதாமே? வாங்கித் தரலாமா ஐயா?
– ஒரு தாய், தாம்வே, ரங்கூன்

இருக்கிறது அம்மா. க்ளாக்கி என்று பெயர். கௌரி நந்தா என்ற பெண் அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேபில் மாணவியாக இருந்தபோது உருவாக்கியது. முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கும் வேலைகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசு 2005-இல் அதற்குக் கிடைத்தது. நடுவில் கடிகாரம், இரண்டு பக்கமும் பெரிய சக்கரம். முதல் தடவை அடிக்கும்போது ஸ்னூஸை அமுக்கிவிட்டுப் படுக்கலாம். அடுத்த தடவை மேசையிலிருந்து கீழே குதித்து, கத்திக்கொண்டே அறைக்குள் தாறுமாறாக ஓடும். எழுந்து தேடிப் பிடித்தால்தான் நிற்கும்.

ஆனால் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். கட்டில், பக்கத்தில் மேசை, தனி அறை, வழவழப்பான தரை, இதெல்லாம் இருக்கிற வீட்டை நினைத்துச் செய்த பொருள் அது. நம் வீடுகளில் பலகைத் தரையில் பாயைப் போட்டு, கொசுவலையைக் கட்டி, அண்ணன் தம்பி எல்லாரும் வரிசையாகப் படுக்கிறார்கள். அது இரண்டு அடி ஓடுவதற்குள் வலையில் சிக்கிக்கொள்ளும். கீழ்வீட்டுக்காரர் முதலில் எழுந்துவிடுவார்.

அதற்குள் இருக்கிற யோசனை மட்டும் நல்ல யோசனை. அலாரம் கைக்கு எட்டக்கூடாது, அதை நிறுத்தக் கால் தரையில் ஊன்ற வேண்டும். இதே யோசனையில் மிதியடி மாதிரி ஒரு அலாரமும் வந்திருக்கிறது. இரண்டு காலையும் வைத்துச் சில விநாடி அதன்மேல் நின்றால்தான் வாயை மூடும். போனிலேயே அலார்மி என்று ஒரு செயலி உண்டு. முதல் நாளே ஒரு இடத்தைப் படம் எடுத்து வைத்தால், காலையில் அதே இடத்துக்குப் போய்ப் படம் எடுக்கும்வரை விடாது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். போன கையோடு முகத்தைக் கழுவிவிடலாம். கணக்குப் போட்டால் நிற்கிற வசதியும் அதில் உண்டு, அது வேண்டாம். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை படுத்தபடியே போட்டுவிடுவான்.

எனக்குப் பிடித்தது இரண்டு மணி வைத்த சாவி டைம்பீஸ்தான். மேலே இரண்டு கிண்ண மணி, நடுவில் ஒரு சின்னச் சுத்தியல் அங்கும் இங்கும் அடித்துக்கொண்டே இருக்கும். அதைக் காலி பிஸ்கட் தகர டப்பாவின்மேல் வைத்து, கொசுவலைக்கு வெளியே, நாலு எட்டு தள்ளி வையுங்கள். மணியோடு தகரமும் சேர்ந்து அதிரும். அந்த அதிர்வு மணியைவிடத் தாழ்ந்த சத்தம், அதனால் நன்றாக வேலை செய்யும். புகை வந்தால் அலறும் கருவிகளை வைத்துத் தூங்குகிறவர்களிடம் சோதித்திருக்கிறார்கள். 3,100 ஹெர்ட்ஸ் அளவில் கீச்சென்று கத்துவதைவிட, 520 ஹெர்ட்ஸ் அளவில் தாழ்ந்து ஒலிப்பதே பிள்ளைகளை அதிகம் எழுப்பியது. போனில் வைக்கிற கிணுகிணு சத்தத்துக்கு உங்கள் மகன் எழும்பாததில் அதிசயமே இல்லை.

அவன் அப்பாவுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். பையன் பொய் சொல்லவில்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பினால், கை வேலை செய்யும், புத்தி வேலை செய்ய நேரம் பிடிக்கும். அந்த மயக்கம் கால் மணி, அரை மணிகூட இருக்கலாம். அந்த நேரத்தில் நிறுத்தியது நினைவில் நிற்காது. அப்புறம், பருவ வயதில் உடம்பின் கடிகாரமே ஒரு மணி, இரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப் போகும். பத்து மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். நள்ளிரவு ஒரு மணிவரை படிக்கவைத்து 4 மணிக்கு எழுப்பினால் எந்த அலாரமும் தோற்கும். சோம்பேறி என்ற சொல்லை அந்தப் பிள்ளைமேல் போடாதீர்கள், மனசு விட்டுப்போகும்.

மார்கழி முழுக்கக் கோயிலில் திருப்பள்ளியெழுச்சிக்கு 4 மணிக்கு இருக்க வேண்டும். பிளக்கில் மாட்டுகிற அலாரம் வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் 12:00 என்று மினுக்கிக்கொண்டு நிற்கிறது. ஜெனரேட்டரில் ஓடும்போது நேரமும் தப்பாகக் காட்டுகிறது. ரிப்பேரா அண்ணே?
– ஒரு வாசகர், மோல்மேன்

ரிப்பேர் இல்லை தம்பி. அந்த மாதிரிக் கடிகாரம் மின்சாரத்தின் துடிப்பை எண்ணித்தான் நேரம் காட்டுகிறது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 துடிப்பு. ஜெனரேட்டர் கொஞ்சம் வேகமாக ஓடி 51 ஆகிவிட்டால், மணிக்கு 72 விநாடி முன்னால் போய்விடும். ராத்திரி முழுக்க ஓடினால் யோசித்துப் பாருங்கள். கீழ்ப்பக்கம் பேட்டரி போடுகிற மூடி இருந்தால் பேட்டரி போடுங்கள், நேரத்தையாவது மறக்காது. இல்லையென்றால் அதைச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் விளக்காக வைத்துக்கொண்டு, ஒற்றைப் பேட்டரி குவார்ட்ஸ் அலாரம் ஒன்று வாங்குங்கள். அதற்குள் இருக்கிற படிகம் விநாடிக்கு 32,768 தடவை துடிக்கும். கரண்ட் இருந்தால் என்ன, போனால் என்ன.

சாவி டைம்பீஸ் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். பின்னால் இரண்டு சாவி இருக்கும், ஒன்று ஓட்டத்துக்கு, இன்னொன்று மணிக்கு. மணிச் சாவியைத் திருக மறந்துவிட்டு, "அடிக்கவில்லை" என்று கடைக்குக் கொண்டுவருகிறவர்கள் நிறைய. ராத்திரிச் சோறு முடிந்ததும் இரண்டையும் திருகுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கடிகாரமே இல்லாத காலத்தில் எப்படி எழும்பினார்கள்?
– பள்ளி மாணவி, தட்டோன்

நல்ல கேள்வி, கண்ணு. சேவல், கோயில் மணி, பொங்கி (புத்த பிக்கு) மடத்தில் அடிக்கும் கட்டைச் சத்தம், இதெல்லாம் நமக்கு இன்றும் உண்டு. சீனாவில் ஊதுவத்தியின் குறுக்கே நூலில் குண்டைக் கட்டிவைத்து, எரிந்து வரும்போது நூல் அறுந்து தட்டில் குண்டு விழுகிற சத்தத்துக்கு எழும்பியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஆலைகள் வந்த பிறகு, காசு வாங்கிக்கொண்டு நீளக் கம்பால் மாடி ஜன்னலைத் தட்டி எழுப்புகிற ஆட்களே இருந்தார்கள். லண்டனில் மேரி ஸ்மித் என்ற பெண், குழாயில் காய்ந்த பட்டாணியை வைத்து ஊதி ஜன்னலில் அடிப்பார். வேண்டிய நேரத்துக்குத் திருப்பி வைக்கிற அலாரத்துக்குப் பிரான்சில் அந்துவான் ரெதியே 1847-இல் காப்புரிமை வாங்கினார்.

லைங்தாயாவில் கார்மென்ட் வேலை. ஹாஸ்டல் அறையில் பல பேர் தூங்குகிறோம். காலை ஷிப்ட் எனக்கு மட்டும்தான். என் அலாரம் அடித்தால் எல்லாரும் ஏசுகிறார்கள். நான்தான் கடைசியாக எழும்புகிறேன். என்ன செய்யலாம் அண்ணே?
– ஒரு தங்கை

காது கேளாதவர்களுக்காகச் செய்த பொருள்தான் உனக்குச் சரி, தங்கச்சி. வட்டமாக, வில்லை மாதிரி ஒன்று, வயரில் கடிகாரத்தோடு சேர்ந்திருக்கும். தலையணைக்கு அடியில் வைத்தால், நேரம் வந்ததும் தலையை உலுக்கிவிடும். இந்தச் சாதனங்களில் சானிக் பாம்ப் என்று ஒன்று 113 டெசிபல்வரை கத்தும், கத்துவதையும் உலுக்குவதையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். அந்தக் கத்தலைப் பக்கத்தில் வைத்துத் தினமும் கேட்பது காதுக்கு நல்லதில்லை. உலுக்கல் மட்டும் போதும்.

வைக்கிற இடம் முக்கியம். பாய்க்கு அடியில் வைத்தால் பலகை டடடடவென்று அதிர்ந்து அறையே எழும்பும். இலவம்பஞ்சுத் தலையணைக்கு அடியிலும் சரிவராது, பஞ்சு அதிர்வைக் குடித்துவிடும். தலையணைக்கும் உறைக்கும் நடுவில், காது படுகிற பக்கமாகச் செருகி வை. அதைவிடச் சுலபம், கையில் கட்டுகிற அதிர்வுப் பட்டை. விலை குறைந்ததிலும் சத்தமில்லாத அலாரம் இருக்கிறது. மணிக்கட்டில் கொஞ்சம் இறுக்கமாகக் கட்டு, தளர்வாக இருந்தால் தெரியாது. ஐந்து ஐந்து நிமிஷமாக நாலு அலாரம் வைக்காதே. கடைசிக் கால் மணித் தூக்கத்தைத் துண்டு துண்டாக்குவதுதான் மிச்சம். எழும்ப வேண்டிய நேரத்துக்கு ஒன்று வை, போதும்.

என் வீட்டுக்காரருக்கு எந்த அலாரமும் கேட்பதில்லை. ஒன்பது மணி நேரம் தூங்குகிறார், பகலில் கடையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுகிறார். ராத்திரி குறட்டை பயங்கரம், நடுவில் நின்று மறுபடி திணறிக்கொண்டு வரும். பலமான கடிகாரம் ஒன்று சொல்லுங்கள் ஐயா.
– ஒரு வாசகி, பெகு

கடிகாரம் வேண்டாம் அம்மா, டாக்டரைப் பாருங்கள். குறட்டை நின்று திணறி வருகிறது என்றால், தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஒவ்வொரு அடைப்புக்கும் மூளை அரைகுறையாக விழித்துக்கொள்ளும், அவருக்கே தெரியாது. அதனால்தான் ஒன்பது மணி நேரம் படுத்தும் தூங்காதவர் மாதிரி இருக்கிறார். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தத்தில், இதயத்தில் கொண்டுபோய் விடும். மருத்துவம் இருக்கிறது.

அவராக ஒப்புக்கொள்ள மாட்டார், "எனக்கென்ன, நன்றாகத்தானே தூங்குகிறேன்" என்பார். இன்றைக்கு ராத்திரி அவர் தூங்கும்போது, மூச்சு நின்று வருகிற இடம் பதியும்படி போனில் வீடியோ எடுங்கள். முதலில் அவரிடமே போட்டுக் காட்டுங்கள். டாக்டரிடம் போகும்போது அதையும் கொண்டுபோங்கள். அதுவரை அவரை மோட்டார் சைக்கிள் ஓட்ட விடாதீர்கள்.