1/16 டாங்கி: பாகங்களைக் கையால் செய்வது பற்றிக் கேள்வி பதில்

11 வருடமாக 1/16 அளவில் மட்டும்தான் டாங்கி மாடல் செய்கிறேன், முடித்தவை நான்கு. கிட்டில் (கடையில் வாங்கும் பாகங்களின் தொகுப்பில்) வரும் பாகத்தை ஒதுக்கிவிட்டு, ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டிலும் பித்தளையிலும் நாமே செய்து பொருத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெயிண்ட் பற்றிய கேள்விகளை அதில் கைதேர்ந்தவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

கேள்வி: சார், முதல் முறையாக 1/16 ஜெர்மன் டைகர் டாங்கி கிட் எடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் மாற்ற எனக்குப் பொறுமை இல்லை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: மட்கார்டிலிருந்து. இந்த அளவில் மாடலின் 1 மி.மீ. உண்மை வண்டியின் 16 மி.மீ. கிட் மட்கார்டின் விளிம்பை வெர்னியர் காலிப்பரில் பிடித்துப் பாருங்கள், பெரும்பாலும் 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் காட்டும். அதாவது 16 மி.மீ. இரும்புத் தகடு. உண்மையில் அது சில மி.மீ. தகரம், ஒரு மரத்தில் உரசினால் மடங்கிவிடும். பார்ப்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, ஆனால் அவர் கண் அந்த விளிம்பைப் பார்த்ததும் பொம்மை என்று முடிவு செய்துவிடும்.

0.2 மி.மீ. பித்தளைத் தகட்டில் செய்தால் உண்மைக் கணக்கில் 3.2 மி.மீ. வருகிறது, போதும். மடிப்பதற்கு முன் தகட்டைச் சூடாக்கி ஆறவிட்டு இளக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கூர்மையான மடிப்பில் விரிசல் விடும். ஓரத்தை இலேசாக நெளித்துவிட்டால் அது தகரம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கவசத் தகட்டுக்கும் இதே கணக்குதான், அங்கே தவறு மறுபக்கம் நடக்கும், தகடு மெலிதாகிவிடும். டைகரின் மேல் பக்கச் சுவர் 80 மி.மீ., மாடலில் 5 மி.மீ. முன் தகடு 100 மி.மீ., மாடலில் 6.25. நீங்கள் மூடியைத் திறந்து வைத்து உள்ளே காட்டப்போகிறீர்கள் என்றால், வெட்டு முகத்தில் அந்தக் கனம் தெரிய வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால், மற்ற பாகங்களில் பாதி கிட்டிலிருந்தே இருந்தாலும் வண்டி உண்மையாகத் தெரியும்.

கேள்வி: 5 மி.மீ. ஸ்டைரீன் தகடு கிடைக்கவில்லை. 2, 2, 1 என்று மூன்று தகடுகளை ஒட்டலாமா?

பதில்: ஒட்டலாம், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் காற்றுத் துளை போடாமல் ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகி வெளியே போக வேண்டும். இரண்டு அகலமான தகடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் அதற்குப் போக வழியில்லை. மெதுவாக, வாரக்கணக்கில், தகட்டை உள்ளிருந்து இளக்கிக்கொண்டே இருக்கும்.

என்னுடைய இரண்டாவது டாங்கியில் டரெட்டின் (குழல் பொருந்திய, சுழலும் மேல்பகுதியின்) கூரையை இப்படி ஒட்டினேன். அன்று கண்ணாடி போலச் சமமாக இருந்தது. ரிவெட், கீல், பெரிஸ்கோப் மூடி எல்லாம் மேலே பொருத்திய பிறகு, மூன்றாவது வாரம் நடுவில் குழிந்துவிட்டது. அந்த வேலை முழுவதையும் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே வெளியே தெரியாத தகடுகளில் 2 செ.மீ.க்கு ஒன்றாக 2 மி.மீ. துளைகள் போடுங்கள். பசையை நடுவில் குறைவாகவும் ஓரத்தில் தாராளமாகவும் விடுங்கள். சமமான பரப்பில் வைத்து மேலே பாரம் ஏற்றி, ஒரு வாரம் தொடாதீர்கள். அப்புறம் உப்புத்தாள் பிடிக்கலாம்.

கேள்வி: எந்தப் பசை நல்லது?

பதில்: ஸ்டைரீனோடு ஸ்டைரீனுக்குக் கரைக்கும் மெல்லிய பசை. பித்தளையோடு பிளாஸ்டிக்குக்கு, தாங்க வேண்டிய இடம் என்றால் எபாக்சி, மற்ற இடத்தில் சூப்பர் க்ளூ. பித்தளையோடு பித்தளைக்குச் சால்டரிங். இவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, இழுவைக் கம்பிக்கு நூலை முறுக்கி வைத்தேன், கயிறு போலத்தான் தெரிகிறது. எஃகு வடமாக எப்படிக் காட்டுவது?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. நூலில் சிலும்பு இருக்கும், பெயிண்ட் அடித்தாலும் எட்டிப் பார்க்கும். அதைவிட முக்கியம், எஃகு வடம் எப்படிப் பின்னப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வழக்கமான வடத்தில் நடுவில் ஒரு கரு, அதைச் சுற்றி ஆறு புரிகள். ஒரே விட்டமுள்ள ஆறு வட்டங்கள் அதே விட்டமுள்ள ஒரு வட்டத்தைச் சுற்றி இடைவெளி இல்லாமல் உட்காரும், ஆகவே வடத்தின் விட்டம் புரியின் விட்டத்தைப் போல மூன்று மடங்கு. உண்மை வடம் 32 மி.மீ. என்றால் மாடலில் 2 மி.மீ., ஒரு புரி சுமார் 0.66. அந்தப் புரியும் இதே கணக்கில் ஏழு மெல்லிய கம்பிகளால் ஆனது என்று வைத்துக்கொண்டால் ஒரு கம்பி 0.22 மி.மீ. பழைய மின்வயருக்குள் இருக்கும் செம்புக் கம்பிகளில் இந்தக் கனத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும்.

இனி முறுக்கும் திசை. புரியை ஒரு திசையிலும், ஆறு புரிகளைச் சேர்க்கும்போது எதிர்த்திசையிலும் முறுக்க வேண்டும். சாதாரண வடத்தில் அப்படித்தான் இருக்கும். அதனால்தான் வெளியே தெரியும் மெல்லிய கம்பிகள் வடத்தின் நீளவாக்கில் ஓடுவது போலத் தெரிகின்றன. இரண்டையும் ஒரே திசையில் முறுக்கினால் கம்பிகள் குறுக்கே சாய்ந்து நிற்கும், அதோடு முறுக்குத் தளராமல் இருக்கவும் மறுக்கும்.

செய்முறை எளிது. கம்பிகளின் ஒரு முனையை இடுக்கியில் இறுக்கி, மறுமுனையை டிரில்லில் பிடித்து, இழுத்தபடி மெதுவாகச் சுற்றுங்கள். ஏழு புரிகள் தயாரானதும் எல்லாவற்றையும் தணலில் சிவக்கக் காட்டி ஆறவிடுங்கள், செம்பு இளகிவிடும். பிறகு ஒன்றை நடுவில் வைத்து ஆறையும் எதிர்த்திசையில் முறுக்குங்கள். கடைசியில் இன்னொரு முறை இளக்கினால், வண்டியின் மேல் வைக்கும்போது வடம் தன் பாரத்தில் படுத்திருப்பது போல வளைந்து கொடுக்கும்.

கேள்வி: துனிசியாவில் சண்டையிட்ட டைகர் செய்கிறேன். காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்கப் பூசும் சிம்மரிட் பூச்சை எபாக்சி பட்டியில் (பிசைந்து வைத்தால் இறுகும் மாவில்) செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். அந்தப் பூச்சைத் தொழிற்சாலைகளில் பூச ஆரம்பித்ததே 1943 கோடையின் பிற்பகுதியில், துனிசியப் போர் அந்த வருடம் மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. இங்கிலாந்தில் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கும் டைகர் 131 ஏப்ரலில் அங்கே பிடிபட்டதுதான். அதன் படங்களைப் பாருங்கள், வெறும் தகடு.

கேள்வி: வரைபடம் கிடைக்காத பாகத்துக்கு அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: புகைப்படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருளைப் பிடியுங்கள். டைகரின் சக்கர விட்டம் 800 மி.மீ., சண்டைக்கு மாட்டும் தடத்தின் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையின்) அகலம் 725 மி.மீ. படத்தில் சக்கரம் 40 மி.மீ. இருந்தால், அந்தத் தளத்தில் படத்தின் 1 மி.மீ. உண்மையில் 20 மி.மீ. "அந்தத் தளத்தில்" என்பதுதான் முக்கியம். சக்கரத்தை வைத்து, ஒரு மீட்டர் பின்னால் இருக்கும் டரெட்டின் பாகத்தை அளந்தால் தவறும். அளக்க வேண்டிய பாகத்துக்குப் பக்கத்திலேயே, கேமராவிலிருந்து அதே தூரத்தில் இருக்கும் பொருளைத் தேடுங்கள். தூரத்திலிருந்து எடுத்த படம் கிட்டத்தில் எடுத்ததைவிட நம்பகமானது. அருங்காட்சியகத்துக்கு நேரில் போனால் அனுமதி கேட்டு ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். அங்கே நிற்கும் வண்டிகளில் மாற்றப்பட்ட பாகங்களும், பல அடுக்குப் பெயிண்டில் மூடிப்போன வெல்டிங்கும் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: வெல்டிங் தையலுக்கு என்ன வழி?

பதில்: முதலில் இணைப்பில் ஆங்கில வி வடிவத்தில் ஒரு பள்ளம் செதுக்குங்கள். எபாக்சி பட்டியை முகப்பவுடர் தூவிய கண்ணாடியில் 1 மி.மீ. திரியாக உருட்டிப் பள்ளத்தில் படுக்க வையுங்கள். ஊசிக்குழாயின் நுனியைப் பாதி வட்டமாகத் தேய்த்து, ஈரப்படுத்தி, சற்றுச் சாய்த்து ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திக்கொண்டே போங்கள். மூச்சு விடுவது போல ஒரே தாளம் வேண்டும். உண்மை அகலத்தை 16-ஆல் வகுத்தால் என்ன வருகிறதோ அதுதான் தையலின் அகலம். பெரிதாக்காதீர்கள்.

கேள்வி: இதை நான் ஏற்க மாட்டேன். எல்லாவற்றையும் 16-ஆல் வகுத்தால் மாடல் மொட்டையாக இருக்கும். வெல்டிங், வார்ப்பின் சொரசொரப்பு இரண்டையும் ஒன்றரை மடங்காவது பெரிதாக்கினால்தான் தெரியும்.

பதில்: மாடலை அரை மீட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். அது உண்மை வண்டியை 8 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். 8 மீட்டரில் வெல்டிங் ஒரு கோடாகத் தெரியும், அலைகளை எண்ண முடியாது. சோவியத் டி-34 டாங்கியின் டரெட்டில் உள்ள வார்ப்புச் சொரசொரப்பு பல மாடல்களில் ஆரஞ்சுத் தோல் போல இருக்கிறது. உண்மையில் 2 மி.மீ. குழி மாடலில் 0.12 மி.மீ. தான். கரைக்கும் பசையைத் தடவி முரட்டுத் தூரிகையால் குத்திவிட்டு, காய்ந்ததும் உப்புத்தாளால் பாதியைத் தேய்த்து எடுத்தால் அந்த அளவு வந்துவிடும்.

கேள்வி (அதே நண்பர்): தூரத்தைச் சுருக்கிவிட்டீர்கள், வெளிச்சத்தைச் சுருக்க முடியுமா? உண்மை டாங்கி வெயிலில் நிற்கிறது, நிழல் கூர்மையாக விழும். மாடல் அறை விளக்கில் நிற்கிறது. 0.1 மி.மீ. மேட்டுக்கு அங்கே என்ன நிழல் விழும்?

பதில்: நல்ல வாதம், உடனே பதில் சொல்லாமல் சோதித்துப் பார்த்தேன். இரண்டு தகடுகளில் வெல்டிங் போட்டேன். ஒன்று சரியான அளவு, மற்றது ஒன்றரை மடங்கு. இரண்டுக்கும் ஒரே பிரைமர். பக்கவாட்டில் ஒற்றை விளக்கு வைத்தபோது சரியான அளவே தெளிவாகத் தெரிந்தது. கூரை விளக்கில், நீங்கள் சொன்னது போல, அது மங்கிப்போனது.

கேள்வி (வேறொருவர்): நானும் பெரிதாகத்தான் செய்தேன். பார்த்த எல்லோரும் முதலில் வெல்டிங்கைத்தான் பாராட்டினார்கள்.

பதில்: தம்பி, எனக்கு உறுத்துவதே அதுதான். உண்மை டாங்கியைப் பார்க்கும் யாரும் முதலில் வெல்டிங்கைப் பார்ப்பதில்லை.

கேள்வி (ஏற்க மறுத்த அதே நண்பர்): அப்படியானால் கூரை விளக்கில் மங்கியதற்கு என்ன செய்வது? அதைச் சொல்லுங்கள்.

பதில்: மூன்றாவது தகடு ஒன்று செய்தேன். அகலம் சரியான அளவு, அலைகளின் ஆழம் மட்டும் ஒன்றரை மடங்கு. கூரை விளக்கிலும் தெரிகிறது, பெரிதாகவும் தெரியவில்லை. காரணம் எனக்குப் புரிந்தவரை இதுதான்: அகலத்தைக் கண் பக்கத்தில் உள்ள போல்ட்டோடும் தகட்டோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிடும். ஆழத்தை ஒப்பிட அதற்கு எதுவும் கிடைப்பதில்லை, நிழலின் கருமையை மட்டும் பார்க்கிறது. ஆகவே ஆழத்தில் நீங்கள் சொல்வது சரி, இனி நானும் அப்படியே செய்யப்போகிறேன். அகலத்திலும் தகட்டின் கனத்திலும் நான் இறங்கி வர மாட்டேன். இதை இங்கே நிறுத்திக்கொள்வோம், பதில் சொல்லாத கேள்விகள் நிறைய நிற்கின்றன.

கேள்வி: ஸ்டைரீனை ஒட்ட எந்தப் பசை?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: பீரங்கிக் குழலை எதில் செய்யலாம்? நீளம் எவ்வளவு?

பதில்: லேத் வசதி இருந்தால் அலுமினியத்தில் கடையுங்கள், இல்லையென்றால் பித்தளைக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிப் படிகளை வரவழைக்கலாம். டைகரின் குழல் 88 மி.மீ. விட்டத்தைப் போல 56 மடங்கு, 4928 மி.மீ. மாடலில் 308. மசில் பிரேக் (குழல் நுனியில் மாட்டும் பாகம்) தனி. 308-ஐயும் வெளியே நீட்டிவிடாதீர்கள், ஒரு பகுதி டரெட்டுக்குள் இருக்கிறது.

கேள்வி: மெல்லிய கொக்கியைத் தடித்த தகட்டில் பற்றவைக்கும்போது, முன்பு வைத்தது கழன்று விழுகிறது.

பதில்: சூட்டைத் தடித்த தகட்டுக்குக் கொடுங்கள், ஈயம் தானாக இணைப்புக்குள் ஓடும். ஏற்கெனவே வைத்த பாகத்தின் மேல் நனைந்த காகிதத்தைப் போர்த்துங்கள்.

கேள்வி: அமெரிக்க ஷெர்மன் டாங்கியின் தடத்தையும் டைகர் போலத் தொங்கவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஷெர்மன் கண்ணிகளின் ஊசிகளில் ரப்பர் உண்டு, தடம் விறைப்பாக நிற்கும், மேலே தாங்கும் உருளைகளும் இருக்கின்றன. டைகரில் இரண்டும் இல்லை, பக்கத்துக்கு 96 கண்ணிகளின் பாரத்தோடு தடம் சக்கரங்களின் மேல் படுத்துவிடும்.

கேள்வி: பித்தளையைப் பிளாஸ்டிக்கில் ஒட்ட என்ன பசை?

பதில்: மூன்றாவது முறை. மேலே இருக்கிறது, படியுங்கள்.

கேள்வி: 3டி பிரிண்டரில் எல்லாம் வந்துவிடுகிறதே, கையால் ஏன் செய்ய வேண்டும்?

பதில்: பிரிண்ட் செய்யுங்கள், கண்ணிகளுக்கு நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். மட்கார்டைப் பிரிண்ட் செய்தால் கனத்தை அளந்துவிட்டு எழுதுங்கள். ரெசினை உப்புத்தாளில் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: டி-34க்கு வெளி எரிபொருள் டிரம்களை ஸ்டைரீன் குழாயில் செய்து இரு பக்கமும் மூடிவிட்டேன். நான்கு நாளில் ஒரு டிரம்மின் பக்கம் உள்ளே இழுத்திருக்கிறது. ஏன்?

பதில்: அதே கரைப்பான்தான், உள்ளே அடைபட்டிருக்கிறது. இழுத்ததைப் பட்டி வைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், இன்னும் இழுக்கும். அதைப் புதிதாகச் செய்துவிடுங்கள். மற்ற டிரம்களில் இன்றைக்கே, வண்டியின் உடலோடு ஒட்டும் பக்கத்தில், 1 மி.மீ. துளை ஒன்று போடுங்கள்.