கூரையை வெட்டிய காரும் ஆர்.சி. புத்தகமும்

கேள்வி: 1968-இல் பதிவான, மூடிய கூரையுள்ள இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் என்னிடம் இருக்கிறது. கூரையை வெட்டி, மடக்கும் துணிக்கூரை போட்டுத்தர ஒரு பட்டறையில் விட்டேன். 4 லட்சம் ரூபாய் கொடுத்தாயிற்று. கூரையை எடுத்த பிறகு, ஜாக்கி போட்டுத் தூக்கினால் கதவு மூடுவதில்லை. முன் கண்ணாடியின் மூலையில் விரிசல் விட்டிருக்கிறது. மீதி 2 லட்சம் தந்தால்தான் வண்டி என்கிறார்கள். பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? விண்டேஜ் பதிவு கிடைக்குமா?

பதில்: பட்டறை மீது பாயும் முன் உங்கள் பக்கத்து ஓட்டையைப் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம்தான் இங்கே தடை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. மீறினால் பிரிவு 182ஏ(4)-இன்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவு பிடிப்பது உரிமையாளரை. ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோகும் நாளில் இது கட்டாயம் வெளியே வரும்.

விண்டேஜ் பதிவு இப்போதைக்குக் கிடைக்காது. 2021 விதிகளின்படி 50 ஆண்டு கடந்த வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸிலோ (அடிச்சட்டம்) பாடி ஷெல்லிலோ (வெளிக்கூடு) மாற்றம் செய்திருக்கக் கூடாது. கூரையைத் திரும்பப் பொருத்தினாலும் அதிகாரி மறுக்க இடமுண்டு.

இனி பட்டறை. தனி சேசிஸ் இல்லாத மோனோகாக் பாடியில் தரை, பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), கூரை எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டிபோலச் சுமை தாங்குகின்றன. கூரை போனால் நடுப்பகுதி தொய்யும். ஒரு மூலையைத் தூக்கினால் பாடி முறுக்கிக்கொள்ளும். கதவு மூடாததும் கண்ணாடியில் விரிசல் விட்டதும் இதனால்தான். விவரம் தெரிந்த பட்டறையாக இருந்தால், வண்டியின் எடை நான்கு சக்கரங்களிலும் இருக்கும்போதே கதவுத் திறப்புகளின் குறுக்கே இரும்புச் சட்டம் வெல்டிங் செய்துவிட்டுத்தான் கூரையில் கை வைப்பார்கள். கதவடியில் ஓடும் சில் பெட்டிக்குள் கூடுதல் தகடு, தரைக்கடியில் குறுக்குச் சட்டம், கண்ணாடி பில்லரின் அடியிலும் இருக்கைக்குப் பின்னும் முட்டு என்று எல்லாம் முடிந்த பிறகே அந்தத் தற்காலிகச் சட்டத்தைக் கழற்றுவார்கள். தொய்ந்த நிலையிலேயே வெல்டிங் செய்துவிட்டால் தொய்வு நிரந்தரமாகிவிடும். 1970-இல் வந்த ட்ரையம்ப் ஸ்டாக் திறந்த காராகவே வடிவமைக்கப்பட்டது. அதற்கே பாடி ஆடாமலிருக்க டி வடிவச் சட்டம் வைத்தார்கள்.

இந்தக் குறையைச் சாட்சியாக மாற்றுங்கள். சார்பில்லாத ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரை அழைத்துச் சென்று, சமதளத்தில் இரு கதவுத் திறப்புகளின் மூலைவிட்டங்களையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு மூலையை ஜாக்கியில் தூக்கி மறுபடி அளக்கட்டும். டேப்பின் எண் தெரியும்படி படம், தேதியுடன் அறிக்கை இரண்டும் வேண்டும். அதற்குள் "சரிசெய்து தருகிறோம்" என்று அவர்கள் வெல்டிங்கைத் தொட விடாதீர்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. கொடுத்த பணம், அசல் கூரையைப் பொருத்தும் செலவு, கண்ணாடி ஆகியவற்றைக் கேளுங்கள். "துணிக்கூரை வேலையை ஒழுங்காக முடித்துத் தர உத்தரவிடுங்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சட்டம் தடுத்த வேலையை எந்த ஆணையமும் செய்யச் சொல்லாது.

ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23-ஐக் காட்டி, சட்டம் தடுத்த வேலைக்கான ஒப்பந்தமே செல்லாது என்று அவர்கள் வாதிடுவார்கள். உங்களுக்குக் கைகொடுப்பது பிரிவு 65: செல்லாது என்று பின்னால் தெரியவந்த ஒப்பந்தத்தில் பெற்றதைத் திருப்பித்தர வேண்டும். இதில் "ஆர்.சி. மாற்றத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அவர்கள் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் வரி இருந்தால் தங்கம். பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இல் மின்னணுச் சாட்சிக்குக் கேட்கும் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்யுங்கள். மாறாக, தடை இருப்பது தெரிந்தே வேலை கொடுத்தீர்கள் என்று உங்கள் செய்தியே காட்டினால், பணம் திரும்பக் கேட்பதைப் பின்னுக்குத் தள்ளி, கவனக்குறைவால் வண்டிக்கு வந்த சேதத்தையே முன்வையுங்கள்.

வண்டியைப் பிடித்துவைக்கப் பட்டறைக்கு ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170-இன்படி உரிமை உண்டு. ஆனால் ஒப்படைத்த நோக்கத்தின்படி செய்த வேலைக்கான கூலிக்கு மட்டும்தான். நுகர்வோர் சட்டம் பிரிவு 38(8)-இன்கீழ் இடைக்கால உத்தரவு கேளுங்கள். 2 லட்சத்தை ஆணையத்தில் கட்டிவைக்கத் தயார் என்று சொன்னால் வண்டி சீக்கிரம் கைக்கு வர வாய்ப்புண்டு. வந்ததும் ஓட்டாதீர்கள், லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். இந்த நிலையில் ஓட்டி மோதினால் சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டை நிறுவனம் மறுக்கக்கூடும்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வெட்டிய கூரைத் தகடும் பில்லர் துண்டுகளும் பழைய இரும்புக் கடைக்குப் போவதற்குள், அவற்றை அப்படியே பத்திரப்படுத்தச் சொல்லிப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.